கயிற்றை அவிழ்த்த நேரம்

மதியம் மூன்றே கால். வலங்கைமான் பஸ் வாய்க்கால் பாலத்தில் ஹாரன் அடித்துத் திரும்பிய அந்த நேரத்தில்தான் நான் நாயின் கயிற்றை அவிழ்த்தேன்.

ஆட்சி மாறி, கொடிக்கம்பங்களில் நிறமும் மாறியிருந்தது. கூலி நெல் மட்டும் மாறவில்லை. அறுவடையில் எங்கள் தெருவும் மிராசுதார் ஆட்களும் மோதிக்கொண்டு நான்கு நாள் ஆகியிருந்தது. அப்பா கும்பகோணத்துக்கு மூட்டை தூக்கப் போயிருப்பதாக அம்மா சொன்னாள். நான் நம்பினேன். நாய் நம்பவில்லை. வரப்பில் அப்பாவின் நிழலிலேயே நடந்து பழகியது அது. முருங்கை மரத்தில் கட்டிப்போட்டதிலிருந்து சோற்றைத் தொடாமல் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது.

“யாரக் கொண்டுபோவ இந்த ஊளை?” என்று எதிர்வீட்டு அத்தை கேட்டாள்.

என்னால் ஆனதைச் செய்தேன். அப்பாவின் அழுக்குச் சட்டையை விரித்தேன். அதில் முகத்தை வைத்து அரைமணி கிடந்தது. போகிறவர்கள் வருவார்கள் என்று காட்ட, தெருமுனைவரை பத்துத் தடவை போய்வந்தேன். நான் வருவதில் அதற்கு அக்கறை இல்லை.

அம்மா தினமும் விறகு பொறுக்கப் போவாள். ஏன் தூக்குவாளியோடு போகிறாள் என்று நான் கேட்டதில்லை. “என்ன ஆனாலும் அவுத்துடாத” என்று மட்டும் சொல்வாள்.

இரண்டு நாளாக டீக்கடையில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர் அன்று எங்கள் வேலியோரம் வந்து நின்றார்.

“பாவம் பாப்பா, வாயில்லா ஜீவன். சித்த அவுத்துவிடு, ஓடியாடிட்டுத் தானா வந்துடும்.”

அவர் குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

அவிழ்த்ததும் நாய் ஆற்றங்கரை வாழைக்கொல்லையைப் பார்த்துப் பறந்தது. அவர் சைக்கிளில் ஏறினார். டீக்கடையிலிருந்து இன்னும் இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள். நாய்மேல் இத்தனை பேருக்கு அக்கறையா என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இப்போது என் மகள் விடுதிக்குப் போனதிலிருந்து எங்கள் வீட்டு நாய் கதவைப் பிறாண்டுகிறது. அவளுடைய பழைய துணியைப் போடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தனியே விட்டுப் பழக்குங்கள் என்கிறார் மருத்துவர். அலுத்துப்போனாலும் எல்லாம் செய்கிறேன். சங்கிலியை அவிழ்க்க மட்டும் கை வராது. அதற்குக் கணவரைக் கூப்பிடுகிறேன்.

அன்று பொழுது சாய்கையில் வெள்ளைச் சட்டைக்காரர் திரும்பி வந்தார். அப்பாவின் தலைத்துண்டில் நாயைக் கட்டி இழுத்து வந்திருந்தார். அம்மா தூக்குவாளியை மடியில் வைத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“நாய யாரும் அடிக்க வேணாமாம். போலீஸ் ஜீப்புல ஏறும்போது அவரு சொல்லச் சொன்னாரு.”

நாயை எதற்கு அடிக்க வேண்டும் என்று நான் அம்மாவிடம் கேட்டேன்.