டிரையர் பக்கத்தில் வைத்த இறக்கை

இதை எழுதலாமா என்று என் மகளிடம் கேட்டேன். "எழுதுங்க, ஆனா பேரு போடாதீங்க" என்றாள். அதனால் இதில் யாருக்கும் பேர் கிடையாது. நான் பத்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் இதைப் படிக்கிற பிள்ளைகள் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு அரிசி மில்லில் டிரையர் ஓட்டுகிறேன். நெல்லை வெந்நீரில் ஊறப்போட்டு, ஆவியில் அவித்து, அப்புறம் காயவைத்து அரைத்தால்தான் புழுங்கல் அரிசி. அதில் காயவைக்கிற வேலை என்னுடையது. உமியை எரித்த சூட்டில் காற்று கொதித்து, ஒரு பெரிய இரும்புக் குழாய் வழியாக நெல்லுக்குள் போகும். எப்போது நிறுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முந்தி நிறுத்தினால் பூசணம் பிடிக்கும். பிந்தினால் அரைக்கும்போது நொய்யாக உடையும். ஈரம் பார்க்க மீட்டர் இருக்கிறது. ஆனாலும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு நெல்லைக் கடித்துப் பார்க்கச் சொல்லுவார். நான் சொல்லுவதும் மீட்டர் சொல்லுவதும் ஒன்றாகவே இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

என் மகள் அப்போது ஒன்பதாவது. ஆனியில் மஞ்சள் காமாலை வந்து ரெண்டு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்பிப் போனபோது பாடம் எங்கேயோ போய்விட்டிருந்தது. காலாண்டுப் பரீட்சையில் கணக்கும் அறிவியலும் ஃபெயில். நானோ என் மனைவியோ ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அவள் அடங்கிப்போனாள். எதைச் செய்யச் சொன்னாலும் "எனக்கு வராதுப்பா" என்பாள். வாசலில் கோலம் போடச் சொன்னால்கூட அதே பதில்.

காமாலையில் படுத்திருந்தபோது பார்க்க வந்த அவளுடைய மாமா ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மாமா என்றால் என் மனைவியின் தம்பி, சிங்கப்பூரில் வேலை. பெட்டிமேல் தண்ணீரில் இறங்குகிற ஒரு பழைய காலத்து விமானத்தின் படம். படகு மாதிரி அடிவயிறு. அதற்கு மேலே கம்பிக்கால்களில் நிற்கிற ஒரே நீள இறக்கை. இறக்கையில் ரெண்டு இன்ஜின். உள்ளே விமானம் இல்லை, விமானத்தின் துண்டுகள்தான் இருந்தன. எல்லாம் பிளாஸ்டிக். நூற்றுக்கு மேல் இருக்கும், சில துண்டுகள் நெல்மணியைவிடச் சின்னது. வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்து நாம்தான் விமானம் ஆக்க வேண்டும். பழகியவர்களுக்கு மட்டும் என்று பெட்டியிலேயே இங்கிலீஷில் போட்டிருந்தது.

காலாண்டு லீவில் மாமா போன் செய்தார். அது ரொம்பக் கஷ்டம், முடியவில்லை என்றால் அப்படியே வைத்துவிடு, கார்த்திகையில் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வரும்போது நானே செய்து தருகிறேன் என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். இவளுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது.

"நீங்க வர்றதுக்குள்ள நான் முடிச்சிருப்பேன் மாமா" என்றாள்.

நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காமாலைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து 'செய்வேன்' என்று ஒரு வார்த்தை வந்தது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காற்றாடி ஓடவில்லை. ஓடினால் துண்டு பறக்கும். நகவெட்டியால் நறுக்குவாள், உப்புத்தாளில் தேய்ப்பாள், ஒட்டிய இடத்தைத் துணி கிளிப்பால் கவ்விவைப்பாள். சுவர் வெடிப்புக்குப் பூசுவது மாதிரி இடுக்குகளில் பட்டி வைத்து மறுபடி தேய்ப்பாள். ஒரு இன்ஜினைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, பிரித்து, திரும்ப ஒட்டினாள். தரையிலும் இறங்க அந்த விமானத்துக்குச் சக்கரம் உண்டு; ஒருநாள் அதில் ஒன்று காணோம். என் மனைவி வீடு முழுக்கக் கூட்டி, கடைசியில் விளக்குமாற்றையே உதறினாள். அதற்குள் இருந்தது. வேர்வை வழிய வழிய மூன்று பேரும் சிரித்தோம்.

கார்த்திகை பிறந்தபோது பெயிண்ட் அடிக்கிற கட்டம். அடியில் சாம்பல் நிறம், மேலே கருநீலம். உடம்புக்கு அடித்தாயிற்று. இறக்கைக்கு அடித்த அன்றைக்குத்தான் மழை பிடித்தது. கொட்டவும் இல்லை, விடவும் இல்லை. அஞ்சு நாளாகச் சிணுங்கிக்கொண்டே இருந்தது. கொடியில் போட்ட துணி நாற ஆரம்பித்துவிட்டது. இறக்கையை விரலால் தொட்டால் நீலம் ஒட்டியது. மாமா ஞாயிற்றுக்கிழமை வருகிறார், இது வியாழன். இறக்கை காய்ந்தால்தான் இன்ஜின் வைக்கலாம், கம்பிக்கால் வைக்கலாம். அவள் முகம் பழையபடி இருட்டிக்கொண்டு வந்தது.

காய்வதுதானே பிரச்சினை, அப்பா காயவைத்துத் தருகிறேன் என்றேன்.

"வேணாம்ப்பா. சூட்டுல வைக்கக் கூடாதுன்னு இதுல போட்டிருக்கு." பெட்டியோடு வந்த செய்முறைக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள்.

நான் சிரித்துவிட்டேன். ஈரத்தைப் பற்றி அந்தக் காகிதத்தைவிட எனக்கு அதிகம் தெரியும் என்றேன். அவள் காகிதத்தை இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் ஒரு ஸ்வீட் பெட்டியில் குறுக்கே குச்சி கொடுத்து, பெயிண்ட் எதிலும் படாதபடி இறக்கையை வைத்துக் கொடுத்தாள்.

மில்லில் சூட்டுக் குழாயை ஒட்டி ஒரு மேடை இருக்கிறது. நேரான காற்று படாது, அனல் மட்டும் லேசாக வரும். கையை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பெட்டியைத் திறந்து வைத்தேன். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, அப்பளம் சுடுறீங்களா?" என்றார். விமானம் என்றேன். "எந்த ஊருக்குப் போவுது?" என்றார். அந்த நேரம் பார்த்து ரெண்டாவது நடை நெல் வந்துவிட்டது. நெல் வந்தால் அடுப்பில் உமி கூடும், குழாய் இன்னும் சூடாகும். இது எனக்குத் தெரியாததா? பதினெட்டு வருஷமாகத் தெரியும். ஆனால் என் ஞாபகமெல்லாம் நெல்லில் போய்விட்டது.

அரை மணி கழித்து வந்து பார்த்தேன். பொட்டலம் கட்டுவதற்கு வாழை இலையை அனலில் வாட்டுவோமே, அப்படித் துவண்டு இறக்கை ரெண்டு பக்கமும் தொங்கிப்போயிருந்தது. பெயிண்ட் மட்டும் அருமையாகக் காய்ந்திருந்தது. பதறி எடுத்து நிமிர்த்தப் பார்ப்பதற்குள் அது ஆறி இறுகிவிட்டது. இன்னும் அழுத்தினால் ஒடியும் போல் இருந்தது.

"வண்டியில வரும்போது கீழ விழுந்துடுச்சுன்னு சொல்லுங்கண்ணே. பாப்பாவுக்குத் தெரியவா போவுது" என்றார் மூட்டைக்காரர். அவரும் என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. தூறலில் நின்றுகொண்டு யோசித்தேன். நாய் குறுக்கே வந்தது, பிரேக் பிடித்தேன், பெட்டி விழுந்தது, பின்னால் வந்த வண்டி ஏறிவிட்டது. கேட் திறப்பதற்குள் பொய் முழுசாகத் தயாராகிவிட்டது.

வீட்டில் அவள் விமானத்தின் உடம்பை மேசை நடுவில் வைத்து, ரெண்டு இன்ஜினையும் கம்பிக்கால்களையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். "காஞ்சிடுச்சாப்பா?" என்றாள்.

பெட்டியைக் கொடுத்தேன். நாய் கதை வரவில்லை. "அப்பா கெடுத்துட்டேன்மா" என்றேன்.

திறந்தாள். இறக்கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் சொன்னேன்ல."

"சொன்ன."

"அப்புறம் ஏன்?"

"எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. எல்லாத் துண்டுகளையும் பெட்டிக்குள் எடுத்து வைத்தாள். வைத்துவிட்டு, "மாமாகிட்ட எனக்கு வரலன்னு சொல்லிடுங்க" என்றாள். பிள்ளைகளே, அந்த வார்த்தையைத் திரும்பவும் அவள் வாயில் கொண்டுவந்தது நான். என் மனைவி என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் தோசையை என் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது மகள் வாசலில் நின்றாள். கையில் அவள் அம்மாவின் போன்.

"உங்க மில்லுல நெல்லு ஊறப்போடுற தண்ணி எவ்வளவு சூடுப்பா?"

எழுபது டிகிரி என்றேன்.

"அதை எதை வெச்சுப் பாப்பீங்க?"

அதற்கென்று ஒரு கம்பி இருக்கிறது, நுனியைத் தண்ணீரில் விட்டால் மேலே முள் காட்டும் என்றேன். அதை ஒருநாள் வாங்கிவர முடியுமா என்று கேட்டாள். வளைந்த பிளாஸ்டிக்கை வெந்நீரில் போட்டால் இளகும், அப்போது நிமிர்த்தலாம் என்று போனில் படித்திருக்கிறாள். சூடு குறைந்தால் இளகாது, கூடினால் நேற்றைய கதைதான். மேனேஜரிடம் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

சாயங்காலம் குழம்புச் சட்டியில் வெந்நீர். இந்தத் தடவை முள்ளைப் பார்த்து நம்பர் சொல்லுவது மட்டும் என் வேலை. அறுபதில் போட்டாள், அசையவில்லை. எழுபதில் கொஞ்சம். எழுபத்தெட்டு என்று நான் சொன்னபோது இடுக்கியால் எடுத்து, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, மடித்த துணியால் அழுத்தினாள். "அம்மா, பச்சத் தண்ணி" என்றாள். என் மனைவி ஊற்றினாள். மறுபடி வெந்நீர், மறுபடி கண்ணாடி. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒருமுறை நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். "நீங்க நம்பர் மட்டும் சொல்லுங்கப்பா" என்றாள். சரி என்று கையை இழுத்துக்கொண்டேன்.

இறக்கை நிமிர்ந்தது. இடது நுனியில் ஒரு கட்டைவிரல் அளவு மட்டும் கீழே பார்த்தபடி நின்றுவிட்டது. பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுநாள் புதிதாக அடித்தாள். மழை விட்டிருந்தது, ஆனால் வெயில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். விமானம் முடியவில்லை. இறக்கை தனியாக, இன்னும் பிசுபிசுப்போடு, குச்சி மேல் இருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு நுனி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"அப்பா காயவெச்சாங்க, வளஞ்சிடுச்சு. நான் நிமித்திட்டேன்."

எப்படி நிமிர்த்தினாய் என்று அவர் கேட்டதும் ஆரம்பித்தாள். அறுபதில் என்ன ஆனது, எழுபதில் என்ன ஆனது, ஏன் கண்ணாடி, ஏன் பச்சைத் தண்ணீர். காமாலைக்குப் பிறகு அவள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. சிங்கப்பூரில் இதுமாதிரி விமானங்கள் ஒட்டியிருந்தாலும் இப்படி நிமிர்த்தித் தானும் பார்த்ததில்லை என்று மாமா ஒப்புக்கொண்டார். "மீதியை நான் முடிச்சுத் தரட்டுமா பாப்பா?" என்று கேட்டார். "வேணாம் மாமா, எனக்கு வரும்" என்றாள்.

இறக்கை காய்கிற வரை, விமானத்தின் உடம்பில் மூக்கு ஜன்னல் ஒன்று மட்டும் ஒட்டப் பாக்கி இருந்தது. பொட்டுக்கடலை அளவு, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். அதைக் குறட்டில் கவ்வி என்னிடம் நீட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். ஒட்டி முடிக்கிற வரை அவள் கண் என் கையை விட்டு நகரவில்லை.