கடலுக்கு முடி வெட்டியவர்

சலூன்காரருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. அவரைப் பிடித்தது கடல் பித்து. கூடத்தில் டிவி இருக்கவேண்டிய இடத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்து, உயிருள்ள பவளங்களை வளர்த்தார். டிவி சமையலறைக்குக் குடிபோனது. மனைவி அதற்கும் வாயைத் திறக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பொய் சொல்லக்கூடாது.

தொட்டியில் மனைவிக்கென்று ஒரு பவளம் உண்டு. பச்சை நிறம், மேலெல்லாம் மடிப்பு மடிப்பாக இருக்கும், மூளைப் பவளம் என்று பெயர். கடையில் பார்த்த மாத்திரத்தில் மனதைப் பறிகொடுத்து மனைவியே வாங்கியது. வளர்ந்ததா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாக வளரும். "இந்த வீட்டுல மூளைன்னு இருக்கறது என்னுது ஒண்ணுதான்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

சலூன்காரரின் செல்லம் வேறு. குட்டிக் குட்டி விரல்களை விரித்து, மூடி, நாள் முழுக்கக் கைதட்டுவதுபோல் அசைந்துகொண்டே இருக்கும் பவளம் அது. முடி வெட்டி முடித்ததும் கண்ணாடியைப் பார்த்து முகம் சுளிக்கும் ஆட்களோடு காலம் தள்ளுகிறவருக்குக் கைதட்டல் என்றால் சும்மாவா? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார்.

கைதட்டும் கூட்டம் பெருத்தது. பாறையை மூடியது, பக்கத்துப் பாறைக்குத் தாவியது, கடைசியில் மூளைப் பவளத்தின் மேலேயே சாய்ந்து வெளிச்சத்தை மறைத்தது. நிழல் விழுந்த ஓரம் வெளுக்கத் தொடங்கியது.

"ஊர்ல உள்ளவங்க தலையெல்லாம் ஒட்ட வெட்டுறீங்க, இதை வெட்ட மட்டும் கை வரலையா?" என்றார் மனைவி. "என் பவளம் செத்துச்சுன்னா இந்தத் தொட்டியே வீட்டுல இருக்காது, சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிற ஆள். சலூன்காரர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டு வெட்டினார். துண்டுகள் தண்ணீரில் மிதந்தன.

"மிதக்குதே, எடுக்க வேண்டாமா?"

"எல்லாம் வெட்டி முடிச்சுட்டு ஒரேயடியாக் கூட்டி அள்ளிக்கலாம்."

அங்கேதான் தொழில்புத்தி காலை வாரியது. தரையில் விழுந்த முடி, துடைப்பம் வரும்வரை விழுந்த இடத்திலேயே கிடக்கும். இந்தப் பவளத்தின் துண்டோ, போய் ஒட்டிய இடத்தில் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். பம்பு தள்ளிய தள்ளலில் துண்டுகள் சந்துபொந்தெல்லாம் புகுந்தன. அவர் வலைக்குச் சிக்கியது கொஞ்சம்தான். சில வாரங்களில் தொட்டி முழுக்கக் கைதட்டல். மூளைப் பவளத்தின் வெளுத்த ஓரத்திலும் ஒரு கும்பல் ஏறி நின்று தட்டியது.

பவளக் கடைக்காரருக்குப் போன் போட்டுப் புலம்பினார்.

"தொட்டிக்குள்ள வெச்சா வெட்டினீங்க? கல்லை வெளிய எடுத்துல்ல வெட்டணும்!" கடைக்காரர் சிரித்த சிரிப்பு, போனைத் தாண்டி மனைவி காதிலும் விழுந்தது.

"தள்ளுங்க" என்றார் மனைவி. தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, மூளைப் பவளத்தை அதில் இறக்கி, புருவம் திருத்தும் இடுக்கியால் பேன் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அடுத்தது பாறைகள். அவற்றிலும் பெரும்பகுதி வழிக்கப்பட்டதும், "உங்க ஆளுங்களுக்கு ஒரு கல்லு விட்டு வைக்கவா?" என்று கேட்டார்.

சலூன்காரர் மிச்சமிருந்த கைதட்டலை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்தார். ஆனாலும், "உன்னோடது பொழைக்கட்டும். எல்லாத்தையும் எடுத்துடு" என்றார்.

அந்தப் பதிலுக்காகவோ என்னவோ, மனைவி ஒரு சின்னக் கல்லை மட்டும் தொடவில்லை. மற்ற பாறைகளோடு ஒட்டாமல் மணலுக்கு நடுவே தனியாக வைத்தார்.

மூளைப் பவளம் பிழைத்தது. வெளுத்த இடத்தின் விளிம்பில் நூல்போல் பச்சை படர்ந்ததைப் பார்த்த அன்று சலூன்காரர் வாய்விட்டே அழுதார். மனைவி அழவில்லை, மூக்கை மட்டும் இரண்டு தடவை உறிஞ்சினார்.

இப்போதெல்லாம் தனிக்கல்லில் கூட்டம் பெருத்தால், மனைவிதான் அதை வெளியே எடுத்து வெட்டுகிறார். சலூன்காரர் கையில் வாளி. எட்டி எட்டிப் பார்த்து, "இந்தப் பக்கம் ரொம்ப ஒட்ட வேணாம், ஓரத்துல மட்டும் லேசா எடு" என்கிறார்.

"தலையை ஆட்டாம நில்லுங்க" என்கிறார் மனைவி.