குளிரிலும் வியர்த்தவளுக்கு அம்மன் சொன்ன பதில்

போன வருடம் மார்கழியில், வாயைத் திறந்தால் புகை வரும் எங்கள் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட் குளிரில், எனக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. மற்ற பெண்கள் எல்லாம் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு கொழுந்து எடுத்தார்கள். நான் எல்லாவற்றையும் கழற்றித் தேயிலைச் செடிமேல் போட்டுவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பும். கழுத்து, காது, முகம் என்று ஏறும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடங்கியதும் ஈரத் துணியோடு குளிர் பிடித்து ஆட்டும்.

மாரியம்மனை நம்பி வாழும் அக்கா தங்கச்சிமாரே, என் பெயர் பேச்சியம்மாள். வயது நாற்பத்தாறு. எங்கள் ஆட்கள் சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள். எங்கள் டிவிஷனில் கொழுந்து எடுப்பதில் என்னை முந்த ஆள் கிடையாது. தற்பெருமை என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள், உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இனி நான் சொல்லப்போவதையும் வெட்கப்படாமல்தான் சொல்லப்போகிறேன். என் தாய் எனக்குக் கொடுத்த தைரியம் அது.

சூடு மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். தூக்கம் போனது. தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது. ஞாபகம் சல்லடையில் ஊற்றிய தண்ணீராக ஓடியது. ஒருநாள் கொழுந்துச் சாக்கைக் காட்டிலேயே விட்டுவிட்டு, எடை போடும் இடத்தில் வெறுங்கையோடு வரிசையில் போய் நின்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஏன் அழுதேன் என்றால், பயம். என் சித்தி ஒருத்திக்கு இதே வயதில் இப்படித்தான் ஆரம்பித்ததாம். பேய் பிடித்தவள் என்றார்கள், கிறுக்கி என்றார்கள். கடைசிவரை அவளை ஒரு மனுஷியாக யாரும் மதிக்கவில்லை. நானும் அப்படி ஆகிவிடுவேனோ என்ற பயம் என்னைத் தின்றது. என் வீட்டுக்காரர் மாரிமுத்து டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். அவரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு, "ஏட்டி, ஒன் பக்கத்துல ஒக்காந்தா தீ காய வேண்டாம் போலிருக்கே" என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தார்.

மாசியில் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோவில் திருவிழா. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதமாகவே எனக்கு வரவில்லை. நல்லதாகப் போயிற்று, இந்தத் தடவை தடங்கல் இருக்காது என்று காப்புக் கட்டிப் பால்குடத்துக்கு நேர்ந்துகொண்டேன். "தாயே, எனக்கு என்ன ஆகுதுன்னு நீயே சொல்லு" என்பதுதான் என் வேண்டுதல்.

திருவிழா அன்று நல்ல கூட்டம். உறுமி மேளம் காதைக் கிழிக்கிறது. சாம்பிராணிப் புகை, வெயில், மஞ்சள் புடவை ஈரம், தலையில் குடம். கோவில் வாசல் நெருங்கும்போது அந்தச் சூடு கிளம்பியது. அதுவரைக்கும் வராத அளவுக்கு வந்தது. கைகால் நடுங்கியது. முகமெல்லாம் வியர்வை. மூச்சு முட்டி, "அம்மா!" என்று கத்திவிட்டேன்.

"பேச்சிக்கு அம்மா வந்துட்டா!" என்று கூவினாள் எங்கள் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் மதினி. அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி ஓடிவந்து என் நெற்றி நிறைய விபூதி பூசி, கையில் வேப்பிலையைக் கொடுத்தார். குடத்தை யார் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. கண் திறந்தபோது என் காலில் நாலு பேர் விழுந்து கிடந்தார்கள்.

எனக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். நிம்மதியாக இருந்தது! பைத்தியமில்லை, பேயில்லை, என் தாய்தான் வந்திருக்கிறாள் என்று உடம்பெல்லாம் பூரித்துப் போனேன். அப்போது அதை முழுதாக நம்பினேன்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும், எஸ்டேட் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் ஆள் சேர ஆரம்பித்தது. குறி கேட்க வந்தார்கள். சூடு வரும், உடம்பு நடுங்கும், வாயில் வந்த ஆறுதலைச் சொல்வேன், விபூதி கொடுப்பேன். அவர்களும் நிம்மதியாகப் போவார்கள். எல்லாவற்றையும்விடக் கூத்து என்னவென்றால், என் வீட்டுக்காரர் என்னை "வாங்க, போங்க" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சோறு போட்டால் எழுந்து நின்று வாங்குகிறார். ஒருநாள் ரசத்தில் உப்பில்லை. வாயே திறக்காமல் குடித்துவிட்டு, "அமிர்தமா இருக்குங்க" என்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்படியொரு மரியாதையை நான் கண்டதில்லை. ஆனால் பேச்சுத் துணைக்கு வீட்டில் ஆளில்லாமல் போய்விட்டது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், எதிரே ஆட்கள். முன்னறிவிப்பே இல்லாமல் உதிரப்போக்கு வந்துவிட்டது. கொஞ்சநஞ்சமல்ல. தலைவலி என்று சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டு உள்ளே ஓடினேன்.

உங்களுக்கே தெரியும், அந்த நாட்களில் நாம் கோவில் வாசலைக்கூட மிதிப்பதில்லை. நான் தீட்டோடு உட்கார்ந்து அம்மன் பெயரைச் சொல்லி விபூதி கொடுத்திருக்கிறேன்! என் நெஞ்சு வெடித்தது. அம்மன் இந்த உடம்பில் இருந்தால் இது ஏன் வருகிறது? இது வருகிறது என்றால், அவ்வளவு நாளும் வந்தது யார்? மறுபடி சித்தியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

போக்கு நிற்கவில்லை. வாரம் ஆகியும் நிற்கவில்லை. மலைச்சரிவில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. செடியைப் பிடித்துக்கொண்டு நின்று வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று லேசாக வாயெடுத்ததற்கே, லயத்துப் பெண்கள், "அம்மா குடியிருக்கிற ஒடம்புல ஊசி ஏத்தலாமா?" என்று வாயை அடைத்துவிட்டார்கள். மரியாதை வந்தால் அதோடு விலங்கும் வருகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை. சாமி படத்துக்குப் பக்கத்தில் போகக் கூச்சமாக இருந்தது. அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, எட்ட நின்றே பேசினேன். எட்ட நின்று கூப்பிட்டால் காது கேட்காதவளா அவள்?

"தாயே, எம்மேல வந்திருக்கது நீன்னா, எனக்கு இந்த வேதனை எதுக்கு? நீ இல்லன்னா, நான் எதுக்கு இந்த சனங்கள ஏமாத்திக்கிட்டு இருக்கேன்? இன்னைக்கு எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. அது போதும்."

அழுது முடித்து முகம் கழுவினேன். பதில் ஒன்றும் வரவில்லை. பல்லிகூடக் கத்தவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஆட்கள் வந்துவிட்டதால், விபூதியைத் தொடாமல் உட்கார்ந்தேன். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது செல்லத்தாய் மதினிதான். திருவிழாவில் கூவிய அதே மதினி. பேரன் பேத்தி எடுத்தவள். அவளுக்கு விலக்கு நின்று வருடங்கள் ஆகிவிட்டன. என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"தாயே, வெளிய சொல்ல வெக்கமா இருக்கு. நின்னு போனது எனக்குத் திரும்ப வந்திருக்கு. ரெண்டு மூணு தடவ ஆயிப்போச்சு. வேப்பிலைய அரைச்சுக் குடிச்சாப் போதுமா? ஆசுபத்திரிக்குப் போவணுமா? ஒங்க வாக்குப்படி செய்யுதேன்."

பின்னால் இருந்த ஒருத்தி, "அம்மாகிட்ட வந்தாச்சுல்ல, அப்பறம் ஆசுபத்திரி எதுக்கு?" என்றாள். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேப்பிலை போதும் என்று நான் சொன்னால் அவள் அப்படியே செய்வாள். என்னைப் போலவே உள்ளுக்குள் வைத்துக்கொண்டு செத்துப்போனாலும் போவாள். அவள் உயிர் என் நாக்கு நுனியில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சூடு கிளம்பியது. வியர்த்தது. நடுங்கியது. நான் எதையும் யோசிக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது.

"போ!"

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பிறகு என் சொந்தக் குரலில், கண்ணைத் திறந்துகொண்டு சொன்னேன்: "மதினி, நாளைக்கே ஆசுபத்திரிக்குப் போவோம். நானும் வாரேன். எனக்கும் நிக்காமப் போய்க்கிட்டுதான் இருக்கு."

"என்னது?" என்று ஒருத்தி எழுந்தே விட்டாள். "தீட்டோடயா எங்களுக்கு விபூதி தந்த?"

"ஆமா. தெரிஞ்சு தரல. இனி இங்க யாரும் குறி கேக்க வர வேண்டாம்" என்றேன். சிலர் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி, போன வாரம் வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்த விபூதியை அங்கேயே தட்டிவிட்டுப் போனாள். செல்லத்தாய் மதினி மட்டும் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வீட்டுக்காரர் ஜீப்பை எடுத்தார். "அம்மா உத்தரவு" என்று பயபக்தியோடு எங்கள் இரண்டு பேரையும் தாலுகா ஆஸ்பத்திரியில் கொண்டு இறக்கினார். மலையாளத்து டாக்டர், சின்னப் பெண். எங்களோடு தமிழில் பேசப் பார்த்தாள். "குளிருல வேர்க்குதா? நெஞ்சு இடிக்குதா? உறக்கம் இல்லையா? தேஷ்யம், கோபம் வருதா? மறதியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். என் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாளோ என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள்.

"சேச்சி, இது பைத்தியம் இல்ல. ஆர்த்தவம், அதான் மாசவிலக்கு, நிக்கறதுக்கு மும்பு வர்ற காலம். நாப்பதுக்கு மேல எந்த ஸ்திரீக்கும் வரலாம். சில மாசம் வராது, வந்தா நிக்காது. பட்சே இவ்வளவு ரத்தம் போறத சும்மா விடக் கூடாது. உங்க ஒடம்புல ரத்தமே இல்ல" என்றாள்.

நான் அங்கேயே அழுதேன். பைத்தியம் இல்லை என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டது எனக்கு வரம் கிடைத்த மாதிரி இருந்தது. என் சித்திக்கும் சேர்த்து அழுதேன். அவளிடம் இந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லவில்லையே.

போக்கைக் குறைக்க மாத்திரை, ரத்தம் ஊற இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தாள். காரமும் புளிப்பும் குறை, சாயாவைக் குறை என்றாள். தேயிலைக் காட்டில் பிறந்தவளிடம் சாயாவைக் குறைக்கச் சொல்கிறாள்! அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இருந்தாலும் குறைத்தேன். சில வாரங்களில் போக்கு அடங்கியது. மெல்ல மெல்லத் தெம்பு வந்தது. சூடு இன்னும் வருகிறது. வந்தால் நிழலில் நின்று, தண்ணீர் குடித்து, மூச்சை இழுத்து விடுகிறேன். போய்விடுகிறது. இன்னதென்று தெரிந்த பிறகு அதற்கு நான் பயப்படுவதில்லை.

செல்லத்தாய் மதினியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பையில் வேண்டாத ஒன்று முளைக்கத் தொடங்கியிருந்தது. விலக்கு நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே காட்ட வேண்டும், நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார்களாம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு லயம் முழுக்க வம்பளக்கிறாள்.

வீட்டுக்காரரிடம் டாக்டர் சொன்னதை விளக்கிச் சொன்னேன். "அப்போ அந்த ரசத்துல உப்பில்லன்னு இனிச் சொல்லலாமாட்டி?" என்றார். அந்த "ட்டி" என் காதில் தேனாக விழுந்தது.

இன்று நான் தலை நிமிர்ந்து நடக்கிறேன். வேலைக்குக் கூடும் இடத்தில், ஆம்பளைகள் நின்றால் நிற்கட்டும் என்று இதைச் சத்தமாகவே பேசுகிறேன். விபூதியைத் தட்டிவிட்டுப் போனவளே போன மாதம் வந்து, "அக்கா, எனக்கும் வேர்க்குது" என்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு நான்தான் போனேன். அருள் வந்தவள் என்று கும்பிட்டபோது இருந்த பெருமையைவிட எனக்கு இது பெரிய பெருமை.

இன்னும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: "அப்போ அம்மா வந்ததெல்லாம் பொய்யா பேச்சி?" நான் சொல்வேன்: ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். ஒரே ஒரு வார்த்தை வந்தது. அந்த வார்த்தைக்கு முன்னால் இரண்டு பெண்கள் சாகக் கிடந்தோம், பின்னால் இரண்டு பேரும் பிழைத்திருக்கிறோம். வேர்வையும் நடுக்கமும் என் வயதுக்கு உரியவை. அந்த "போ" என் தாயுடையது.

ஆகையால் அக்காமாரே, தங்கச்சிமாரே, உடம்புக்குள் புரியாத ஒன்று நடந்தால் ஒளித்து வைக்காதீர்கள். அவளிடம் கேளுங்கள். தீட்டோடு இருந்தால் எட்ட நின்று கேளுங்கள், அவளுக்குக் கேட்கும். அவளும் பெண்தான். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். எழுந்து போங்கள்.