சுவருக்காகப் பூ கேட்டேன்

இதை எழுத நாலு வருஷம் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், கிழித்துப் போட்டுவிடுவேன். எட்டாவது வரைதான் படித்தவன் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் பயம்தான்.

எங்கள் வீடு முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்தில், வயலை ஒட்டி இருக்கிறது. முன்பக்கம் செங்கல் கட்டடம். கொல்லைப்பக்கம் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு. அதற்கு மேற்கில் சுவர் கிடையாது, கீற்றுத் தட்டிதான். தட்டியிலிருந்து பத்தடியில் வயல்.

என் வீட்டுக்காரி பம்புசெட்டில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து, மூன்று மாதம் எழுந்திருக்கக் கூடாது என்று அனுப்பினார்கள். முன்கட்டில் படி அதிகம். அதனால் சாய்ப்பில் கட்டிலைப் போட்டோம். போட்ட அன்றே தட்டிக்கு வெளியே வயலைத்தான் பார்த்தேன். தை மாதம் மிஷின் நெல்லை அறுத்துவிட்டுப் போனதும், உளுந்து தெளிக்காத வயல்களில் மிஞ்சி நிற்கிற வைக்கோல் தாளைக் கொளுத்துவார்கள். ஒரு பொறி பறந்து வந்தால் போதும். அவளால் ஓட முடியாது.

தீத் தாங்குகிற சுவர் ஒன்று வைத்துவிடலாம் என்று கடைக்குப் போனேன். இரண்டு காட்டினார்கள். ஒன்று சாம்பல் நிறச் சிமெண்ட் போர்டு. இன்னொன்று மரம் மாதிரி ரேகை ஓடிய பி.வி.சி. பலகை. "ரெண்டுமே தீப்பிடிக்காதுண்ணே, தைரியமா எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். போர்டு என்றால் கீற்றைப் பிரித்துவிட்டு இரும்புச் சட்டம் அடிக்க வேண்டும் என்றார் ஆசாரி. பலகை என்றால் கீற்று வெளியே அப்படியே இருக்கட்டும், உள்பக்கமாக அடித்துவிடலாம், வெயிலும் தாங்கும் என்றார்.

இரண்டிலும் ஒரு துண்டு வாங்கிவந்து அவளிடம் காட்டினேன். போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக் கலருங்க இது. அங்க பாத்தது போதாதுன்னு இங்கயும் இதையே பாத்துக்கிட்டு கெடக்கணுமா?"

"தீக்கு இதுதான் நல்லதுன்னு தோணுது."

"தோணுதுன்னா? உங்களுக்கு முந்தாநேத்து மழை வரும்னுகூடத்தான் தோணுச்சு."

மனசு ஒரு முடிவுக்கு வராத காரியத்துக்கு எங்கள் ஊரில் அம்மனிடம் பூ கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி சன்னதியில் வைத்து, விஷயம் தெரியாத ஒருவரை எடுக்கச் சொல்வோம். வெள்ளை என்றால் போர்டு, சிவப்பு என்றால் பலகை என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அன்று வெள்ளிக்கிழமை. விளக்குப் போட வந்த ஓர் அம்மா எடுத்துக் கொடுத்தார். வெள்ளை.

அத்தோடு நான் வீட்டுக்குப் போய் போர்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்காரி முகம் கண்ணிலேயே நின்றது. அன்றைக்கு நான் அவசரக் குளியல் குளித்தேன், பூவும் வாடியிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனேன்.

"போன வெள்ளிக்கிழமையும் கேட்டீங்களே, அதுக்கேவா?" என்றார் பூசாரி.

"இல்லைங்க, இது வேற காரியம்" என்றேன். அம்மன் எதிரே நின்றுகொண்டு சொன்னேன். சிவப்பு வந்தது.

அரை நாளில் பலகை அடித்து முடித்தார்கள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மனே சொல்லிவிட்டாள் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

பத்து நாள் கழித்து, வெந்நீர் போடும்போது மிச்சம் கிடந்த பலகைத் துண்டு ஒன்றை அடுப்பில் போட்டேன். சோதிப்பதற்காகத்தான் போட்டேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யில்லை, அது குபீரென்று பற்றவில்லை. வளைந்தது, கூழானது, சொட்டியது. கரும்புகை கிளம்பி மூச்சை அடைத்தது. அந்தப் பலகைக்குப் பின்னால் காய்ந்த கீற்று இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கீற்றைப் பிரிக்க வரச் சொல்லி ஆசாரிக்குப் போன் செய்தேன். வேதாரண்யத்தில் வேலையாக இருக்கிறேன், ஒரு வாரம் ஆகும் என்றார். அதற்குள் பக்கத்து வயலில் மிஷின் இறங்கிவிட்டது. அந்த வயல்காரரிடம் ஓடினேன். "உங்ககிட்ட சொல்லாம கொளுத்த மாட்டேங்க" என்றார். ஆனாலும் தினமும் மூன்று வேளை ஓஸ் பிடித்துக் கீற்றை நனைத்தேன். "கீத்து முளைக்கப்போவுதுங்க" என்று உள்ளேயிருந்து சிரிப்பாள். கட்டிலை முன்கட்டுக்கு மாற்றிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். ஏன் என்று கேட்டால் செவ்வாய்க்கிழமையைச் சொல்ல வேண்டுமே. இரண்டு ஆளைக் கூப்பிட்டுத் தூக்கினால் ஐந்து நிமிஷ வேலை. என் வெட்கத்துக்காக அவளை அங்கேயே போட்டிருந்தேன்.

பக்கத்து வயல்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். தீ வைத்தது அதற்கு அடுத்த வயலில். நல்ல மத்தியானம், காலையில் நனைத்த கீற்று காய்ந்திருந்தது, காற்றும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. நான் முன்கட்டில் சாமி படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் குரல் கேட்டது. கத்தவில்லை, கூப்பிட்டாள்.

"ஏங்க, சுவரு வளையுது."

போய்ப் பார்த்தபோது பலகை நடுவில் தொப்பையாகத் தள்ளி, இடுக்கெல்லாம் கரும்புகை வந்துகொண்டிருந்தது. வெளியே கீற்று படபடவென்று எரிகிற சத்தம். பக்கத்து வயல்காரர் கொல்லை வழியாகப் பாய்ந்து வந்து, "விரிப்பப் பிடிங்க" என்று அதட்டினார். விரிப்போடு சேர்த்து அவளை இழுத்தோம். உருகிய சொட்டு அவள் இடது முழங்கையில் விழுந்தது. நாங்கள் முற்றத்துக்கு வந்து சேர்வதற்குள் சாய்ப்பு விழுந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இருமலுக்கு நடுவே கேட்டாள்: "அம்மன் குடுத்த பூ தானேங்க அது?"

அப்போது சொன்னேன், இரண்டு கிழமையையும். முழங்கைக் கட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. அந்தச் சாம்பல் கலர் மேல ஒரு புடவையத் தொங்கவிட்டிருக்க மாட்டேனா?"

இப்போது அங்கே போர்டுதான் இருக்கிறது. கீற்று ஒரு துண்டுகூட இல்லை. அவள் கம்பு ஊன்றி நடக்கிறாள். தை மாதம் புகை வாசனை வந்தால் இருவருமே வாசலுக்கு வந்துவிடுவோம்.

ஆனால் ஊரில் பேச்சு வேறாகிவிட்டது. பூ கேட்டு வைத்த சுவர்தான் எரிந்தது என்கிறார்கள். பூ கேட்க வருகிறவர்களும் குறைந்துபோய், பூசாரியைக் கேலி பேசுகிறார்கள். பழி அம்மன் மேல் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு இனியும் பேசாமல் இருந்தால் எனக்கு நல்ல சாவு வராது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அம்மன் முதல் தடவையே சரியாகச் சொன்னாள், நான்தான் பொய் சொல்லி மறுபடி கேட்டேன். எனக்காக இரக்கப்பட்டு அந்தப் பொய்யை விட்டுவிடாதீர்கள். அற்புதம் எதையும் சேர்க்கவும் வேண்டாம். நான் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.