கப்பலில் காட்டாத கடைசி ரீல்

கடையில் வாடகைக்கு விடும் வி.சி.ஆரை ஒரு பழைய கம்பளியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டித்தான் எடுத்துப் போவேன். டில்லி மோதி பாக் தெருக்களில் இருந்த பள்ளங்களுக்காக அந்தக் கம்பளி. குளிர்காலத்தில் கடைக்குப் பின்னால் படுக்கும்போது அதையே போர்த்திக்கொள்வேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரியில் கிளீனர், நாக்பூரில் ஓட்டல், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அரிசி மூட்டை என்று ஆறேழு வேலை பார்த்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கேசட் கடையில் ஒட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அரசு ஊழியர் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் போய் வி.சி.ஆரை டி.வி.யில் மாட்டி, படம் முடியும்வரை உட்கார்ந்திருந்து, கழற்றிக்கொண்டு வர வேண்டும். இயந்திரத்தை யார் வீட்டிலும் தனியாக விட்டுவர முதலாளி சம்மதிக்க மாட்டார். அதனால் எத்தனையோ குடும்பங்களோடு, அவர்கள் கூடத்தின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, எத்தனையோ படங்கள் பார்த்தேன்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று சீஃபுடையது. தூத்துக்குடிக்காரர். கடற்படையில் விமான மெக்கானிக்காக இருந்து, சீஃப் பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்றவர்; பெயரில்தான் ஆபீசர், மாலுமிகளில் மூத்தவர் என்றுதான் அர்த்தம். காலனியில் எல்லோருக்கும் அவர் சீஃப்தான். அவர் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். குவார்ட்டர்ஸ் அவர் பெயரில் கிடைத்தது. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். ஒரே மகன், பத்தொன்பது வயது, டில்லியிலேயே பிறந்தவன். நான் போகும்போதெல்லாம் அக்கா முதலில் சாப்பாட்டுத் தட்டை நீட்டிவிட்டுத்தான் என்ன படம் என்று கேட்பார்.

சீஃபிடம் ஒரு கதை இருந்தது. இளம் வயதில், விமானந்தாங்கிக் கப்பலில் வேலை பார்த்தபோது பார்த்த ஓர் அமெரிக்கப் படத்தின் கதை. ஒரு வக்கீல். ஏற்கெனவே ஒரு போரில் விமானம் ஓட்டிவிட்டு, மனைவி மக்களோடு ஊரில் இருப்பவர். அடுத்த போருக்கும் கப்பலுக்கு வா என்று கூப்பிடுகிறார்கள். அவருக்கு இஷ்டமில்லை. ‘ஊரில் இத்தனை பேர் இருக்க நான்தானா?’ என்று கேட்கிறார். இருந்தும் போகிறார். எதிரியின் பாலங்களை உடைத்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பி, வீட்டுக்குப் போய்ச் சேர்கிறார். சீஃப் இதைச் சொல்லும்போது வலது கை விமானமாகிவிடும், இடது கை கப்பலாகிவிடும். அக்கா சமையலறையிலிருந்து, “ஏங்க, அந்த வக்கீல் இன்னுமா வீடு போய்ச் சேரல? நானும் கல்யாணமானதிலேர்ந்து பாக்குதேன்” என்பார். “நீ அரிசியப் பாரு. அவரு பத்திரமாப் போயிருவாரு” என்பார் சீஃப்.

அந்த வருடம் இந்தக் கதைக்கு ஒரு வேலை வந்தது. அப்பா சொன்னாரே என்று கடற்படை விமானிப் பயிற்சிக்கு எழுதிப்போட்ட மகன், எல்லாத் தேர்வுகளிலும் தேறிவிட்டான். சேரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. பதினைந்து நாளுக்குள் பதில் எழுத வேண்டும். பையன் முகத்தில் சந்தோஷமே இல்லை. ஒருநாள் கடைக்கு வந்தவன், “பையா, எனக்கு மன்னே இல்ல” என்றான். டில்லிப் பிள்ளைகள் அண்ணனைப் பையா என்றுதான் கூப்பிடுவார்கள், மனசை மன் என்பார்கள். “கம்ப்யூட்டர் படிக்கணும். ஆனா அப்பாகிட்ட எப்டி சொல்றது? மெக்கானிக் பையன் பைலட்னு இப்பவே எல்லார்ட்டயும் சொல்லிட்டார்.”

அதற்கு மறுநாள் சீஃப் வந்தார். படத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, “எப்படியாவது புடிச்சுக் குடு தம்பி. எம் மகன் இதப் பாக்கணும். இஷ்டமில்லாமப் போனவனும் எப்படி ஜெயிச்சுட்டு வந்தான்னு தெரியணும்” என்றார். பாலிகா பஜாரின் கேசட் கடைகளில் நாலு நாள் அலைந்து வாங்கினேன்.

பழைய கேசட் என்றால் முதலில் கடையில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். கோடு விழும், பூஞ்சை இருக்கும். சனிக்கிழமை மத்தியானம் ஓட்டினேன். என் ஆங்கிலம் கடைக்கு வருகிறவர்களிடம் பொறுக்கியது. ஆனால் அந்தப் படத்துக்கு ஆங்கிலம் அதிகம் தேவைப்படவில்லை. பாலம் உடைந்தது. விமானங்கள் திரும்பின. படம் முடியவில்லை. வக்கீலின் விமானத்தில் குண்டு பட்டு, எதிரி நாட்டு வயலில் இறங்குகிறது. அவரைத் தூக்கிவர ஹெலிகாப்டரில் வந்தவர்களும் சாகிறார்கள். கடைசியில் ஒரு சேற்று வாய்க்காலில் அவரும் சுடப்பட்டுச் சாகிறார். டேப் ஓடி முடிந்து தானாக நின்றது. சீஃப் எந்தக் கப்பலில் எந்தப் படத்தைப் பார்த்தார் என்று எனக்குப் புரியவில்லை.

அவரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கேசட்டே வேண்டாம் என்பார், வாயால் சொல்லும் கதையே மகனுக்குப் போதும் என்று விட்டுவிடுவார் என்று தோன்றியது. பிடிக்காத இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. கேட்க ஆளில்லாததால் எனக்கு அது சுலபம். அந்தப் பையனுக்கு அப்பா இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்குப் படம் தொடங்கியது. சீஃப் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். கப்பல் வந்ததும், “அந்தா, மேல்தளத்துல ஓடுதான் பாரு, அது நானு” என்றார். “உங்களுக்கு அவ்வளவு முடி ஏது?” என்றார் அக்கா. மகன்கூடச் சிரித்துவிட்டான். பாலம் உடைந்ததும் சீஃப் எழுந்து கையைத் தட்டினார். “அவ்ளோதான். இனி கப்பலு, வீடு” என்று விளக்கைப் போடச் சுவிட்ச் பக்கம் போனார். அந்த நேரத்தில் என் விரல் நிறுத்தும் பொத்தானுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அழுத்தியிருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நான் அழுத்தவில்லை.

சீஃப் சுவிட்சில் கை வைத்தபடியே மீதிப் படம் முழுவதையும் நின்று பார்த்தார். முடிந்ததும் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒயர்களைக் கழற்றிச் சுற்றினேன்.

புதன்கிழமை காலை, கடை திறந்த கொஞ்ச நேரத்தில் சீஃப் வந்து நின்றார்.

“நீ முன்னாலேயே பாத்திருந்தியா?”

“பாத்தேன் சீஃப்.”

“ஏன்லே சொல்லல?”

“சொன்னா போட விட்டிருக்க மாட்டீங்க.”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “விட்டிருக்க மாட்டேன்தான்” என்றார். அப்புறம் சொன்னார். கப்பலில் விமானங்கள் நிறுத்தும் கூடத்தில்தான் திரை கட்டிப் படம் காட்டுவார்களாம். முன்னால் நாற்காலிகளில் ஆபீசர்கள், பின்னால் தரையில் சீஃபைப் போன்ற மாலுமிகள். போர் வரும் என்று பேச்சு இருந்த நாட்கள் அவை. பாலம் உடைந்ததும் ரீல் தீர்ந்துபோனது. படத்துக்குப் பொறுப்பான பெரிய ஆபீசர் எழுந்து, கடைசி ரீல் துறைமுகத்திலேயே தங்கிவிட்டது, பெரிதாக ஒன்றுமில்லை, ஆள் கப்பலுக்குத் திரும்பி வீட்டுக்குப் போகிறான், போய்ப் படுங்கள் என்றாராம்.

“முன் வரிசையில ஒரு பைலட் இருந்தாரு. போகும்போது என் தோள்ல தட்டி, வக்கீல் தப்பிச்சுட்டான் பாத்தியான்னு சிரிச்சாரு. அடுத்த வாரம் நான்தான் அவருக்கு சீட் பெல்ட்ட இழுத்து மாட்டுனேன். அவரு திரும்பி வரல.” மேசையில் இருந்த ஒரு கேசட்டை எடுத்துத் திருப்பி வைத்தார். “ரீல் தங்கல தம்பி. அது கப்பல்லதான் இருந்திருக்கும். மூணு நாளா அதையேதான் யோசிக்கேன். ஆபீசர் செஞ்சது தப்புன்னும் சொல்ல வரல. சண்டைக்குப் பறக்கப் போறவன்கிட்ட அதக் காட்டவா முடியும்? ஆனா எம் மகன் இன்னும் கப்பல் ஏறலயே.”

என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். கேசட் அடுக்கியிருந்த மேசையில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். பயிற்சியில் சேர இயலவில்லை என்று, அலுவலகத்துக்கு எழுதுகிற ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி எழுதினார். அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டார். “அவன் போட்டாப் போடட்டும். போடலன்னா கிழிச்சுட்டு ரயிலேறட்டும். இனி நான் கதை சொல்ல மாட்டேன்.” தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. ஒருவருக்குத் தெரிய வேண்டியதை எப்போது சொல்வது, எப்போது விடுவது என்பது இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது. அந்த ஒருமுறை வாய் திறக்காமல் இருந்தது சீஃபுக்குச் செய்த துரோகமா என்று சில சமயம் யோசிப்பேன். ஆபீசரும் நானும் ஆளுக்கொரு விதமாக அவரை ஏமாற்றியிருக்கிறோம்.

சீஃப் தாளோடு போன அந்தப் புதன்கிழமை சாயங்காலமே மகன் வந்தான். கடைக்கு எதிரில் தபால் பெட்டி இருந்தது. அப்பா எழுதிய கடிதத்தைக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்திருந்தான்; அதைப் போட்டுவிட்டு, விழுந்துவிட்டதா என்று பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினான். நான் விட்டுவந்த எந்த வேலையையும் திரும்பிப் பார்த்ததில்லை. அவன் உடனே போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. பஸ் இரண்டு வந்து போயின. அப்பாவைப் போலவே முதுகை நிமிர்த்தி, அந்தச் சிவப்புப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டே இருந்தான்.