குளியலறைக்கு ஒரு நிலை

மரக்கடையில் அளவு எழுதும் அவருக்கு ஊர் வைத்த பெயர் விளக்கவுரை. கதவு வாங்க வந்தவர் கதவோடு மட்டும் திரும்பிவிட முடியாது. சுவருக்குச் சுவர் பாரம் சுமப்பது உத்திரம், கூரை உச்சியிலிருந்து சரிந்து இறங்குவது கைமரம், கைமரங்களின் மேல் குறுக்கே ஓடி ஓடுகளைத் தாங்குவது ரீப்பர் என்று ஒரு வீட்டையே வாயால் கட்டி முடித்துவிட்டுத்தான் ரசீதை நீட்டுவார். இருபத்தேழு வருடமாக இந்தத் திருப்பணி. உளியை மட்டும் ஒரு நாளும் கையில் பிடித்ததில்லை. அதை ஒரு குறையாகவும் அவர் நினைத்ததில்லை.

அவர் மனைவி மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பு நொறுங்கியது. இனி சக்கர நாற்காலிதான் என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். ஒரு வாரம் அழுது தீர்த்த பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யார் வேணா சமைக்கட்டும், யார் வேணா பெருக்கட்டும். பாத்ரூமுக்கு மட்டும் நானே போகணும். அதுக்கும் ஒருத்தர் பின்னாடி நின்னு தள்ளினா என்னால தாங்க முடியாதுங்க."

"இவ்வளவுதானே? மரக்கடைக்காரன் பொண்டாட்டி கேக்கிற கேள்வியா இது!" என்றார்.

குளியலறையின் பழைய வாசல் குறுகல். சுவரை வெட்டி அகலமாக்கிப் புது நிலை வைப்பது என்று முடிவானது. வேலைக்கு வந்தவன் அவள் தம்பி. நல்ல தச்சன். மாமாவின் வாயைப் பல வருடமாக அறிந்தவன் என்பதால் தன் வாயை அதிகம் திறக்காதவன்.

"நிலைன்னா என்னான்னு தெரிஞ்சுக்கோ மாப்பிள்ளை," என்று அவனிடமே ஆரம்பித்தார். "ரெண்டு பக்கமும் நிக்கிறது நிலைக்கால். மேல குறுக்கே கிடக்கிற மரத்துல துளை போட்டு, காலோட நாக்கை அதுக்குள்ள இறக்கணும். கீழ படி வேண்டாம், சக்கரம் தடுக்கும். நாற்காலி இருபத்தாறு அங்குலம். உங்க அக்கா சக்கரத்தை உருட்ட, பக்கத்துக்கு நாலு அங்குலம் கைக்கு விட்டிருக்கேன். ஆக மொத்தம் முப்பத்திநாலு."

"முப்பத்திநாலு உள்ளுக்குள்ளயா மாமா, மரத்தையும் சேர்த்தா?"

அவர் சிரித்தார். பாவம், பையன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. "கடையில எந்த நிலையையும் வெளி அளவுலதான் எழுதுவோம். இத்தனை வருஷத்துல யாரும் மாத்திச் சொன்னதில்ல. அப்புறம், மூணு அங்குல மரமெல்லாம் வேண்டாம். என் வீட்டுக்கு நாலுக்கு நாலுதான்."

மச்சினன் ஏதோ சொல்ல வந்து, அடுத்த விளக்கத்துக்குப் பயந்து, ரம்பத்தை எடுத்தான். அவன் செய்த தப்பு அது ஒன்றுதான். வேலை சுத்தம். மூட்டில் நகம் நுழையாது.

அவள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று காலையில் அவர் நிலைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோரணையில் நின்றார். அவள் யாரையும் கிட்டே விடாமல், தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் நாற்காலி நின்றது. இன்னொரு முறை உந்தினாள். நிலைக்காலில் உரசி இரண்டு கை விரல் முட்டிகளிலும் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

அவர் டேப்பை எடுத்து உள்ளே வைத்துப் பார்த்தார். இருபத்தாறு. பக்கத்துக்கு நாலு அங்குலம். அவள் கைக்கு விட்ட இடத்தில் அவர் ஆசைப்பட்டு வாங்கிய மரம் நின்றிருந்தது.

"அதாவது, வெளி அளவுன்னா என்னன்னா…" என்று தொடங்கினார். தானாக வந்துவிட்டது.

"அக்கா, கொஞ்சம் பின்னாடி வா," என்றான் தம்பி. மாமாவைக் கேட்கவில்லை. நாலு நாள் இழைத்த நிலையைக் கடப்பாரையால் ஒரே மணி நேரத்தில் பெயர்த்துக் கொல்லையில் போட்டான். வாசலுக்கு மேலே பாரம் தாங்கக் கான்கிரீட் விட்டம் இருந்ததால் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு ஆணி அடித்து, ஒரு பழைய போர்வையைத் திரையாகக் கட்டினான்.

அவள் முட்டியில் கட்டுப்போட்ட கைகளால் சக்கரத்தை உருட்டினாள். நாற்காலி உள்ளே போனது. திரையை அவளே இழுத்து மூடினாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"தண்ணி சூடா இருக்கா? நான் வேணா…"

"பேசாம இருங்க," என்றாள் உள்ளிருந்து. "ரொம்ப நாளைக்கப்புறம் தனியா இருக்கேன்."

விளக்கவுரை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.