ஐந்து அடியாட்களும் ஒரு துப்பாக்கியும்

காசு போட்டால் சுடலாம் என்கிற விளையாட்டு மெஷினுக்குக் காவல் நிற்பது, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு உலகத்திலேயே சொகுசான வேலை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பான், வந்தவர் சுடுவார், போவார், இதில் என்ன கஷ்டம் என்பார்கள். ராட்டினம் சுற்றியவர்களே, மரணக்கிணறு வாசலில் டிக்கெட் கிழித்தவர்களே, பொருட்காட்சியில் டெல்லி அப்பளம் பொரித்தவர்களே, உங்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே அடி வாங்கியவர்கள்.

எழுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில், வைகாசித் திருவிழாவை ஒட்டி நாற்பது நாள் பொருட்காட்சி போட்டார்கள். ரேடியோ ரிப்பேர் தெரிந்தவன் என்பதால் அந்த மெஷின் என் தலையில் வந்து விழுந்தது. பெரிய பீரோ அளவு இருக்கும், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. மெட்ராஸ் முதலாளி துறைமுகத்தில் பழசாக வாங்கிய வெளிநாட்டுச் சரக்கு. வாங்கும்போது உள்ளே கரடிகள் ஓடிக்கொண்டிருந்தனவாம். நம்மூரில் கரடியை யார் சுடுவார்கள் என்று யோசித்த முதலாளி, அந்த வருஷம் ஊரெல்லாம் பேசிய ஒரு சண்டைப் படத்தைப் பிடித்துக்கொண்டார். சினிமா பேனர் எழுதுகிறவரைக் கூப்பிட்டு, தகரத்தில் ஐந்து அடியாட்களை வரையவைத்து, கரடிகள் இருந்த சங்கிலியில் மாட்டினார். ஒரு மூலையில் கதாநாயகன் நிற்பார். இன்னொரு மூலையில் கதாநாயகியைத் தூணில் கட்டிவைத்திருக்கும்.

விசையை அழுத்தினால் துப்பாக்கி முனையில் ஒரு வெளிச்சம் வெட்டும். ஒவ்வொரு அடியாளின் மார்பிலும் ஒரு கண்ணாடிப் பொட்டு இருக்கும். வெளிச்சம் அதில் பட்டால் ஆள் “ஆ” என்று மல்லாந்து விழுவான். ஒரு நிமிஷத்துக்குள் ஐந்து பேரையும் தீர்க்காவிட்டால் கதாநாயகன் விழுந்துவிடுவார், கதாநாயகி “காப்பாத்துங்க!” என்று டேப்பில் அலறுவாள். பிறகு விழுந்தவர்கள் எல்லாரும் தானாகவே எழுந்து நிற்பார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. படத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, ரசிகர் மன்றத்துக்காரர்கள் இன்னும் நல்ல உடல் வலுவோடு இருக்கிறார்கள்.

ஈரக் கால்

திறந்த மூன்றாம் நாள் மத்தியானம் நல்ல மழை. ஓரிக்கையிலிருந்து ஒரு விவசாயி, தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு, வெறுங்காலோடு சொட்டச் சொட்ட எங்கள் கொட்டகைக்குள் வந்தார். காசைப் போட்டார், துப்பாக்கியை எடுத்தார், விசையை அழுத்தினார். உடம்பு ஒரு வெட்டு வெட்டியது. பல் கிட்டிக்கொண்டது. துப்பாக்கியை விட நினைக்கிறார், கை விடவில்லை. நான் பாய்ந்துபோய் மெயினைப் பிடுங்கினேன். ஆள் தொப்பென்று மணலில் உட்கார்ந்தார்.

ஒயரின் உறை உரிந்து துப்பாக்கி இரும்பில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. காலையிலேயே நான் பார்த்திருக்க வேண்டியது. ஒரு மனுஷனைக் கொன்றிருப்பேனே! தண்ணீர் கொடுத்து, உள்ளங்கையைத் தேய்த்து, “அண்ணா, அண்ணா” என்று அழுததும் நான்தான். அன்றைக்கே ஒயரை மாற்றி, கீழே மரப்பலகையும் ரப்பர் பாயும் போட்டுவிட்டேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவரோ மெதுவாகக் கண்ணைத் திறந்து, மெஷினைப் பார்த்து, என்னைப் பார்த்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “படத்துல அவருக்குக் குண்டு பட்டப்ப இப்டித்தான் இருந்திருக்கும், இல்ல? சோக்கா பண்ணிக்கீறீங்கபா, நாளைக்கு என் மச்சானையும் இட்டுக்கினு வரேன்.”

அண்ணன் விழுந்தார்

முதல் வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம், கதாநாயகனின் ரசிகர் மன்றத்தார் பத்துப் பேர் மாலையோடு வந்தார்கள். மாலை மெஷினுக்கு. செயலாளர் ஏகாம்பரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர், நாற்பது வயதுக்காரர். அவர்தான் முதலில் சுடவேண்டும் என்று ஏற்பாடு. கை நடுங்க மூன்று அடியாட்களைச் சாய்த்தார். நாலாவது ஆள் தப்பினான். நிமிஷம் முடிந்தது. டக்கென்று கதாநாயகன் குப்புற விழுந்தார்.

உடனே ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். “எங்க அண்ணன எவன்டா சாவடிச்சது?” இன்னொருவர் என் நாற்காலியையே தூக்கிக் கண்ணாடிக்கு நேராக ஓங்கிவிட்டார். வாசலில் மைக் பிடித்துக் கூட்டம் சேர்க்கிற முசரவாக்கத்துக் கன்னியப்பன், இந்தச் சமயம் பார்த்துப் படுதாவுக்கு அடியில் நுழைந்து போயே போய்விட்டான். “நீங்க ரெண்டு பேரை விட்டுட்டீங்க, அதனாலதான் விழுந்தாரு” என்று ஏகாம்பரத்திடம் விளக்கம் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் நின்றது, நிஜமாகத்தான் சொல்கிறேன். கடைசியில், கதாநாயகனை விழவைக்கிற ஒயரை எல்லார் முன்னாலும் வெட்டிக் காட்டிய பிறகுதான் நாற்காலி கீழே இறங்கியது.

அதற்கப்புறம் கதாநாயகன் விழவில்லை. சுட்டாலும் நின்றார், சுடாவிட்டாலும் நின்றார். ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே போனார்கள். மூன்றாம் நாள் கொட்டகையில் நானும் கன்னியப்பனும்தான். நான்காம் நாள் காலை, திறக்கிற நேரத்தில், தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு ஏகாம்பரம் தனியாக வந்தார். மன்றத்து ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்: “அந்த ஒயரைத் திரும்ப சேத்துடுபா. விழவே மாட்டாருன்னு தெரிஞ்சப்பறம், நான் எதுக்குக் கை நடுங்கிக்கினு சுடணும்?”

சுடாமலே விழுந்தவர்கள்

கோயிலுக்குப் போய்விட்டு ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள், கூடவே பெண்ணின் அப்பா. பெண் கல்யாணப் புடவையில் இருந்தாள். நாலு மணி வெயில் மேற்குப் படுதாவின் இடுக்கு வழியாக உள்ளே சாய்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை காசைப் போட்டுவிட்டு, துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெண் கண்ணாடிப் பக்கத்தில் வந்து நின்று முந்தானையை இழுத்துவிட்டாள். “ஆ” என்று ஒருவன் விழுந்தான். திரும்பினாள், இன்னொருவன். மூன்று, நாலு, ஐந்து. யாரும் விசையைத் தொடவில்லை. மாப்பிள்ளை துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டார். கன்னியப்பன் மைக்கை வைத்துவிட்டுத் தலைக்கு மேல் கை கூப்பி, “தாயே, காமாட்சி!” என்றான். நானும் கை கூப்பிவிட்டேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

கொஞ்சம் மூச்சு வந்த பிறகுதான் புரிந்தது. வெயில் முந்தானை ஜரிகையில் பட்டுத் தெறித்து, அடியாட்கள் மார்பிலிருந்த பொட்டுகளில் விழுந்திருக்கிறது. மெஷினுக்குத் துப்பாக்கி வெளிச்சமும் ஒன்றுதான், ஜரிகை வெளிச்சமும் ஒன்றுதான். இதை எடுத்துச் சொன்னேன். எல்லாரும் திகைத்து நிற்க, பெண்ணின் அப்பா மட்டும் அசையவில்லை. அந்தப் புடவையைத் தன் தறியில் தானே நெய்தவராம். வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் பளபளவென்று வேறொரு புடவையில் நின்ற ஒரு அம்மாளை, “ஒரு தபா இங்க வந்து நில்லும்மா” என்று கூப்பிட்டு அதே இடத்தில் நிறுத்தினார். மாப்பிள்ளையை இன்னொரு காசு போடச் சொன்னார். அந்த அம்மாள் இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார், ஒருவனும் விழவில்லை. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்: “நம்மளது அசல் ஜரிகைபா, எவனா இருந்தாலும் விழுந்துதான் ஆவணும். அந்தப் போலிக்கு ஒரு எலிகூட விழாது.”

அலறல்

இதைச் சொல்லும்போது இன்னும் எனக்குத் தோள்பட்டை வலிக்கிறது. ஒரு நாள் கன்னியப்பன் லீவு. சாயங்காலம் படுதாவை இழுத்து மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்த் திரும்ப வந்திருக்கிறது. மெஷினுக்குள் எதுவோ ஒட்டிக்கொண்டு, டேப் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. நான் திரும்பி வருகிறேன், மூடிய கொட்டகைக்குள்ளிருந்து “காப்பாத்துங்க! காப்பாத்துங்க!” என்று ஒரே அலறல். ஓடி வந்து படுதாவைத் தள்ளினேன். உள்ளே ஜெயம்மா நிற்கிறாள். பொருட்காட்சி வாசலில் பூ விற்கிற தெலுங்குக்கார அம்மாள். கையில் அப்பளக் கடை ஜல்லிக்கரண்டி, எண்ணெய் சொட்டுகிறது. “பொண்ணு எங்கடா?” என்று கேட்டுக்கொண்டே என் தோளில் ஒன்று வைத்தாள்.

மெயினை அணைத்தேன். அலறல் நின்றது. அவள் என்னை நம்பவில்லை. மெஷினுக்குப் பின்னால் தேடினாள், மேஜைத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். கடைசியில் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். தூணில் கட்டிய ஒரு சாண் தகரப் பெண். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் வாசலில் கூட்டம். அப்பளக் கடைக்காரர், வளையல் கடைக்காரர், ராட்டினத்து டிக்கெட்காரர், எல்லாரும் இவள் ஏமாந்ததைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள், நல்லவர்கள். கால் மணி நேரமாக அந்த அலறல் அவர்கள் எல்லார் காதிலும் விழுந்திருக்கிறது. ஜெயம்மா எழுந்தாள். கரண்டியை அப்பளக் கடைக்காரர் கையில் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: “தகரம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? தெரியாது இல்ல? அப்பறம் ஏன் ஒருத்தரும் வரல?”

ஐந்தாவது ஆள்

கடைசி வாரத்தில் ஒருவர் தினமும் வர ஆரம்பித்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தடித்த கழுத்து, கையில் ஊன்றுகோல். சுடமாட்டார். ஓரமாக நின்று, மற்றவர்கள் சுடுவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் நாள் நானே போய், “இன்னா வேணும் சார்?” என்று கேட்டேன். ஊன்றுகோலைத் தூக்கி ஐந்தாவது அடியாளைக் காட்டினார். “அது நான்தான்பா.” பார்த்தேன். புருவத்துக்கு மேல் அதே வெட்டுத் தழும்பு, அதே தூக்கிய பல். பேனர் எழுதுகிறவர் படத்தின் போட்டோவைப் பார்த்து அப்படியே இறக்கியிருக்கிறார். யாரைக் கேட்டு என் மூஞ்சியைப் போட்டாய் என்று கேஸ் போடப்போகிறார் என்று எனக்கு வேர்த்துக் கொட்டியது.

அவர் மாகறல் ஊர்க்காரர். சினிமாவில் சண்டை போடப் போனவர். அந்தப் படத்தில் மாடியிலிருந்து விழுகிற காட்சியில், விழுந்த இடத்தில் மெத்தை விலகியிருந்தது. இடுப்பெலும்பு போய்விட்டது. அதற்கப்புறம் வேலை இல்லை. “படத்துல நான் வரது ரெண்டு கண்ண சிமிட்டுற நேரம். ஊர்ல சொன்னா நம்பறதில்ல” என்றார். வேண்டுமானால் அந்தத் தகரத்தைக் கழற்றிவிடுகிறேன் என்றேன். பதறிவிட்டார். “அய்யய்ய, வேணாம்பா. ஒண்ணே ஒண்ணுதான். அவன் விழறது தப்பு. நான் இப்டி மல்லாக்க விழல. எடது பக்கமா ஒரு சுத்து சுத்தி, சாஞ்சி விழுந்தேன். சண்டை மாஸ்டரே கை தட்டுனாரு.” அதைச் செய்து காட்ட ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டார். நான் ஓடிப்போய்ப் பிடித்திருக்காவிட்டால் இன்னொரு எலும்பும் போயிருக்கும்.

இரண்டு நாள் காலை நேரத்தைச் செலவழித்தேன். பழைய ரேடியோவிலிருந்து ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றி, கீலை மாற்றி, ஒரு கம்பியை முறுக்கி வைத்தேன். மூன்றாம் நாள் அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். விபத்துக்கு அப்புறம் அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்த அம்மாள். தலைகுனிந்து ஓரமாக நின்றார். யாரோ ஒருவர் சுட்டார். ஐந்தாவது ஆள் இடது பக்கம் திரும்பினான், ஒரு சுற்று சுற்றினான், சாய்ந்து விழுந்தான். அந்த அம்மாள் “ஐயோ!” என்று போட்ட சத்தத்தில் சுட்டவர் துப்பாக்கியை விட்டுவிட்டார், நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இரண்டு கையாலும் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் செய்த வேலை இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. அவர் மட்டும் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல், மனைவியின் கையைத் தட்டிக் கொடுத்தார்: “பயப்படாத. கண்ணத் தொறந்து பாரு, இதோ, எழுந்துக்கினே இருக்கிறான் பாரு.”

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள், நான் மட்டும்தான் நாற்பது நாளும் சம்பளம் வாங்கிக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றவன்.